ஆரல்வாய்மொழிக்காரியின் ஸ்கூபா கார்டு

இன்று பஸ்ஸில் கல்லூரித் தோழியைப் பார்த்தேன். காற்றாலைகளுக்கு நடுவே வளர்ந்த ஆரல்வாய்மொழிக்காரி. ஸ்கூபா டைவிங் கற்று வாங்கிய கார்டை நீட்டினாள்.

“நாலு நாள் கோர்ஸ் ஏட்டி. முப்பதாயிரம் ரூவா. பாடம், நீச்சல்குளப் பயிற்சி, கடல்ல நாலு முங்கு, சிலிண்டர் எல்லாம் அதுலயே அடங்கும். தங்குறதும் சாப்பாடும் நம்ம செலவு.”

எனக்கு வயிறு எரிந்தது.

“நீ கடக்கரையில பொறந்த குளச்சல்காரி. ஒனக்கு இதெல்லாம் பெரிய காரியமா?”

“பின்னே!” என்று வீம்பாகச் சொன்னேன்.

கணுக்காலுக்கு மேல் நனைந்தாலே, “பொம்பளப்பிள்ளைக்குக் கடல்ல என்னட்டி வேல?” என்று அம்மா கத்தும் வீடு என்னுடையது.

வீட்டுக்கு வந்ததும், முங்கிச் சிப்பி எடுக்கும் அண்ணனிடம் நீச்சல் சொல்லித்தரும்படி கேட்டேன்.

“ஒனக்கு என்னத்துக்கு? சிப்பிதான் நான் கொண்டு வாறேனே!”

நீந்தத் தெரியாத கடற்கரைக்காரிகளே, கை தூக்குங்கள். கூட்டமாகப் போனால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம்.