ஈர வேட்டியும் என் பூகோளமும்

கொடைக்கானலில் நான் பூகோள வாத்தியாராக இருந்தேன். இதைச் சொன்னாலே என் வீட்டார் பட்ட பாட்டை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். கதவு இறுகினாலும் உப்பு கசிந்தாலும் என்னிடம் அதற்கு ஒரு பாடம் தயாராக இருக்கும். ஒருநாள் சோறு வேகாமல் கிடந்தது. மலையில் காற்றழுத்தம் குறைவு, அதனால்தான் வேகவில்லை என்று மனைவிக்கு விரிவாக விளக்கினேன். அவள் கடைசி வரை கேட்டுவிட்டு, அடுப்பு அணைந்து கிடப்பதைக் காட்டினாள்.

எழுபதுகளின் கடைசியில் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, பழனியில் தனியாக இருந்த அப்பாவை எங்களோடு மேலே அழைத்து வந்தேன். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை ஒன்றில் காலமெல்லாம் வாழைப்பழம் பிசைந்தவர் அவர். அந்தக் கையின் பிடி எப்படிப்பட்டது என்று சின்ன வயதிலிருந்தே என் காதுக்கு நன்றாகத் தெரியும். வந்த அன்றே என் மனைவியிடம் அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"எனக்குச் சோறு போடு தாயி, அது போதும். என் வேட்டிய நாந்தான் தொவைப்பேன். அதை இன்னொருத்தர் தொவைக்கிற அன்னிக்கு நான் இருந்து பிரயோசனம் இல்ல."

விளையாட்டாகச் சொல்லவில்லை. எந்தக் குளிரிலும் வெள்ளனே எழுந்து, வீட்டுக்குப் பின்னால் கல்லில் துவைத்து, முறுக்கிப் பிழிந்து, பேரிக்காய் மரத்தில் கட்டிய கொடியில் போடுவார். அவர் பிழிந்த வேட்டியில் வெயிலுக்குப் பெரிதாக வேலை இருக்காது.

மூன்றாவது வருஷமோ என்னவோ, அந்த வேட்டி காயாமல் போக ஆரம்பித்தது. சாயங்காலம் வரைக்கும் கொடியில் கனமாகத் தொங்கும், அடியில் மண் நனைந்திருக்கும். எங்கள் ஊரில் துணி காயாவிட்டால் யாரும் காரணம் தேடுவதில்லை. மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்து போகிற ஊர் அது. நான் மட்டும் தேடினேன், தேடியதும் கிடைத்தது. காற்றில் ஈரப்பதம் கூடியிருக்கிறது என்று அறிவித்தேன்.

மனைவி அன்று கொடியில் இருந்து மற்ற துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, அதே கொடியில உங்க சட்டை காஞ்சு கெடக்கு. மேகம் மாமா வேட்டிக்கு மட்டுமா எறங்குது?" என்றாள்.

என் சட்டை டெரிலின், அப்பாவின் வேட்டி பருத்தி என்று ஆரம்பித்தேன். அவளுடைய சேலையும் பருத்திதான், அதுவும் காய்ந்திருக்கிறது என்றாள். அப்படியானால் மரத்துப் பக்கம் காற்று மறைவாக இருக்கிறது என்று சொல்லி, மறுநாளே கொடியை இடம் மாற்றிக் கட்டினேன். ஆணி அடிக்கப்போய் என் கட்டைவிரலை அடித்துக்கொண்டதுதான் மிச்சம். புது இடத்திலும் வேட்டி சொட்டியது.

இதற்கிடையில் அப்பா இளைத்துக்கொண்டு வந்தார். குளிருக்குச் சாப்பாடு உடம்பில் ஒட்டாது என்றேன். மெதுவாக நடந்தார். ஏற்றம் அப்படி என்றேன். வத்தலக்குண்டு பஸ் போய்விட்டதா என்று கேட்டு, பதில் வாங்கி, காபி குடித்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டார். வெற்றிலை வாங்கப் போனவர் வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டு நின்றார். உயரமான இடத்தில் பிராணவாயு குறைவு என்று அதற்கும் ஒரு பாடம் நடத்தினேன். ஊரே அதே காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்பதை மனைவி சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை என்று விட்டிருப்பாள்.

ஈர வேட்டியையே கட்டிக்கொண்டதில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டதும், மறதியையும் காட்டிவிடலாம் என்று மூவரும் டாக்டரிடம் போனோம். அப்போதுதான் என் வாழ்நாளின் மிகச் சிறந்த அசட்டுத்தனத்தைச் செய்தேன். அப்பா பெயிலாகிவிடக் கூடாது என்று வழி நெடுகப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். இன்று என்ன கிழமை, என்ன மாசம், பிரதமர் யார், முதலமைச்சர் யார். ஆஸ்பத்திரி வாசலில் மறுபடியும் கேட்டேன், அத்தனையையும் சொன்னார். என் வகுப்பில் அப்படி ஒரு மாணவன் இருந்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டாக்டர் கிழமையைக் கேட்கவில்லை. இரண்டு விரலை நீட்டி, "இதைப் பிடிச்சு நல்லா அழுத்துங்கய்யா" என்றார்.

அப்பா அழுத்தினார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. டாக்டரின் விரல் அப்படியே இருந்தது. இன்னும் அழுத்தச் சொன்னார். அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன் என்றார் அப்பா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லித்தராத பாடத்தில் கேள்வி வந்துவிட்ட பையனின் பார்வை அது. எனக்கு அப்போதுதான் சொட்டுகிற வேட்டி ஞாபகம் வந்தது. மேகமும் இல்லை, மரமும் இல்லை. அந்தக் கையில் பிழிய வலு இல்லை. கொடியில் தினமும் அது எல்லாருக்கும் தெரியத் தொங்கியிருக்கிறது. அந்த அறையில் எனக்கு அழுகை வந்துவிட்டது, தும்மல் போல மறைத்துக்கொண்டேன்.

அப்பாவைக் கதவு வரை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "ஒடம்பு தளர்ந்த எல்லாருக்கும் மறதி வரும்னு இல்ல சார். ஆனா பல பேருக்கு ரெண்டும் கைகோத்துக்கிட்டுத்தான் வருது. ஒண்ணு எறங்கினா இன்னொண்ணையும் இழுக்குது. போனதைத் திருப்பித் தர எங்கிட்ட மருந்து இல்ல. நல்லாச் சாப்பிடட்டும், நடக்கட்டும். அவர் செய்யிற சோலியை மட்டும் பிடுங்கிராதீங்க."

ஆகவே வேட்டியை நாங்கள் பிடுங்க முடியாது, அவரும் தர மாட்டார், அதுவும் காயாது. மறுநாள் காலையில் நான் பின்பக்கம் போய், எனக்கும் கொஞ்சம் உடற்பயிற்சி வேண்டும் என்று பொய் சொல்லி, வேட்டியின் மறுமுனையைப் பிடித்தேன். சந்தேகமாகப் பார்த்தார், ஆனாலும் பிடிக்க விட்டார். இருவரும் முறுக்கினோம். வேட்டி முறுக்கேறவே இல்லை. அவர் திருப்பிய பக்கமே நானும் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"ஏலே, பூமி எந்தப் பக்கம் சுத்துதுன்னு புள்ளைகளுக்குச் சொல்லித்தர்ற. இது தெரியலையே உனக்கு" என்றார். மனைவி அடுக்களைக்குள் போய்ச் சிரித்தாள்.

அதன்பிறகு தினமும் அதுதான் எங்கள் காலை வேலை. பருப்பும் பாலும் கூடுதலாகக் கொடுத்தோம், ஏரிப்பக்கம் நடத்திக் கூட்டிப்போனேன். கொஞ்ச காலம் தேறினார், கால் நிதானப்பட்டது. மறதி மட்டும் மெதுவாகத் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. வருஷங்கள் போகப்போக அவர் முனையை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார், முறுக்குவதெல்லாம் நானாயிற்று. அது அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை. மேகம் இறங்கி, எதிரில் நிற்பவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. வேட்டியின் முனையைக் கொடுத்துவிட்டு அப்பா என்னை மரியாதையாகக் கேட்டார்.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

பழனி என்றேன். தனக்கும் பழனிதான் என்று சந்தோஷப்பட்டார். "அசையாமப் பிடிச்சுக்கங்க. முறுக்குறதை நான் பாத்துக்கிறேன்" என்றார். நான் முறுக்கினேன். தண்ணீர் எங்கள் இருவர் காலிலும் கொட்டியது. திருப்தியாகத் தலையாட்டினார்.

"எம் மகன் இங்கனதான் வாத்தியாரா இருக்கான். எல்லாம் படிச்சவன். ஆனா வேட்டி முறுக்கத் தெரியாது தம்பி அவனுக்கு. காயலைன்னா மேகம்னு சொல்லுவான்."

"ஆமாங்க," என்றேன், "அவனுக்குத் தெரியாது."