கிளமெண்டியில் நான் கலைத்த கணக்கு

அபாகஸ் என்னும் மணிச்சட்டக் கணக்கு சொல்லித்தருகிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது. எங்கே ஒரு சட்டத்தைப் பார்த்தாலும் சாய்த்து, மணிகளைக் கலைத்துச் சுத்தமாக வைத்தால்தான் மனது நிம்மதியாகும். பாசிர் ரிஸ் நிலையத்தில் பச்சைத் தடத்து ரயில் ஏறி, பை நிறைய மணிச்சட்டங்களோடு வீடு வீடாகப் போகும் பிழைப்பு என்னுடையது. என்னைப்போல் அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாடம் நடத்துகிற டியூஷன்காரர்களே, உங்களுக்குத் தெரியும்: அந்த வீட்டுச் சண்டை, சமையல், கவலை எல்லாவற்றிலும் நமக்கும் கொஞ்சம் பங்கு வந்துவிடும்.

இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அதே ரயில் தடத்திலுள்ள கிளமெண்டியில் ஒரே வீட்டில் நடந்தது. அந்த வீட்டு அம்மா செல்விக்கு உடம்பு சரியில்லை. தன் ஏழு வயது மகள் யாழினி சட்டம் இல்லாமல் மனதிலேயே கணக்குப் போடுவதைக் கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு முன்னால், இந்தத் தொழிலில் கலைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் காத்தோங் பக்கத்து வீடு ஒன்றின் கதை.

ஐந்து கூடுதல்

சட்டத்தில் ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, கீழே நான்கு. மேல் மணிக்கு மதிப்பு ஐந்து, கீழ் மணி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. புதுக் கணக்குக்கு முன் சட்டத்தைச் சாய்த்தால் எல்லா மணிகளும் இறங்கும். பிறகு ஆள்காட்டி விரலை ஒரே இழுப்பாக இழுத்து மேல் மணிகளைத் தூக்கிவிட வேண்டும்; இறங்கியே நிற்கும் மேல் மணி ஐந்தாகக் கணக்கில் சேர்ந்துவிடும். காத்தோங் குழந்தைக்குக் கை சின்னது. இழுப்பு கடைசிக் கம்பிக்கு முன்பே நின்றுவிடும்.

அன்று பத்துக் கணக்கும் தப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஒவ்வொரு தப்புக்கும் ஒரு ஏச்சு ஏசினார். குழந்தையின் கண் நிறைந்துவிட்டது. விடைகளை நான் திரும்பப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சரியாக ஐந்து கூடுதல். கடைசிக் கம்பியில் இறங்கியே கிடந்த மணியைக் காட்டி, குழந்தை கூட்டியதெல்லாம் சரி, பழைய ஐந்துதான் ஒட்டிக்கொண்டது என்றேன். அப்பா அந்த மணியைத் தன் விரலால் தூக்கிவிட்டார்.

"அப்ப நான் இவ்வளவு நேரம் ஏசினதெல்லாம்?" என்றார்.

வாசிக்கிற ஆள்

இந்தப் பாடத்துக்கு வீட்டில் தினமும் பத்து நிமிடம் யாராவது எண்களை வாசிக்க வேண்டும். முக்கால்வாசி வீடுகளில் அதற்கு ஆள் கிடைக்காது. கிளமெண்டியில் செல்வி ஒரு நாள்கூடத் தவறவில்லை. அதிலும் தமிழில் வாசிப்பார். யாழினிக்குப் பள்ளிக்கூடம், கார்ட்டூன், தோழிகள் எல்லாம் ஆங்கிலம். "அம்மா, ஸ்லோ லா!" என்று அவள் கத்துவாள், செல்வி சிரித்துக்கொண்டே, "கூட்டு நாப்பத்தாறு, கழி பன்னெண்டு" என்று இழுத்து வாசிப்பார். நூற்றுக்கு மேல் தமிழில் எண்ணத் தெரிந்த ஏழு வயதுக் குழந்தையை நான் அங்கேதான் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை லிஃப்ட் வரை என்னோடு நடந்து வந்தார். நோய் திரும்ப வந்துவிட்டது என்று, அடுத்த வாரம் பாடம் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எவ்வளவு நாள்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க டீச்சர். அவ மனசுல போட ஆரம்பிக்கிற வரைக்கும் நான் வாசிச்சாப் போதும்" என்றார்.

ஓடிப்போன மணிகள்

அதன்பிறகு எனக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. ஆறு மாதப் பாடத்தை இரண்டு மாதத்தில் திணிக்கப் பார்த்தேன். சட்டத்தைப் பையில் போட்டு மூடிவிட்டு, கண்ணை மூடு, சட்டம் எதிரே இருப்பதாக நினை, விரலைக் காற்றில் அசை என்பேன். இந்த வித்தையில் பழகிய குழந்தைகள் அப்படித்தான் போடுவார்கள். யாழினிக்கு வரவில்லை. இரண்டாவது எண்ணிலேயே தடுமாறினாள்.

செல்வியின் குரல் அதற்குள் பாதியாகிவிட்டது. சோஃபாவில் சாய்ந்தபடி வாசித்தார். ஒரு நாள் நான் பொறுமை இழந்து, "கவனம் எங்கே போகுது உனக்கு?" என்று குழந்தையிடம் சத்தம் போட்டுவிட்டேன். அம்மா கேட்டுக்கொண்டிருக்க அப்படிக் கத்தினேன். இன்றும் நினைத்தால் கூசுகிறது. யாழினி அழவில்லை. விரல்களை மடியில் மடக்கி வைத்துக்கொண்டாள்.

"கண்ண மூடினா மணியெல்லாம் ஓடிப்போகுது டீச்சர்" என்றாள்.

கை செய்த வேலை

செல்வியை மருத்துவமனையில் சேர்த்தார்கள், வீடு திரும்பவில்லை. அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலி வரிசையில் கடைசியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அவர் ஆசைப்பட்டதை நான் முடித்துத் தரவில்லையே என்பதுதான் மனதில் ஓடியது.

ஒரு மாதம் கழித்து அவருடைய கணவர் குமார் அழைத்தார், யாழினி பாடம் கேட்கிறாள் என்று. போனேன். குழந்தை குளித்துக்கொண்டிருந்தாள், குமார் அடுப்படியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். மேசையின் ஓரத்தில் யாழினியின் சட்டம் இருந்தது. மணிகள் மேலும் கீழுமாக நின்றன. உட்கார்ந்ததும் கையில் எடுத்தேன், சாய்த்தேன், விரலால் ஒரே இழுப்பு. சடசடவென்று சத்தம். அந்தச் சத்தத்துக்கு அடுப்படியிலிருந்து ஓடி வந்தவர், சட்டத்தையும் என்னையும் பார்த்தபடி நின்றார்.

"அது செல்வி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற காலையில வாசிச்ச கணக்கு டீச்சர். நாங்க யாரும் தொடல" என்றார்.

கடைசிக் கணக்கு

மாதாவே, இந்தக் கையை என்ன செய்வது என்று தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஈரத் தலையோடு யாழினி வந்தாள். வெறும் சட்டத்தைப் பார்த்தாள். "டீச்சர் தெரியாமக் கலைச்சிட்டேன்மா" என்று சொல்லிச் சட்டத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் சட்டத்தைத் தொடவில்லை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினாள். விரல்கள் மேசைக்கு மேலே காற்றில் அசைந்தன. "இருநூத்திப் பன்னெண்டு. கூட்டு நூத்தி எம்பத்தஞ்சு. கழி அம்பது." செல்வி இழுக்கும் அதே இழுப்பு. கடைசியாக ஒரு விரல் நின்றது.

"முன்னூத்தி நாப்பத்தேழு. இப்ப ஓடல டீச்சர்" என்றாள்.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் சட்டத்தைத் தொடும் முன் "இதைக் கலைக்கலாமா?" என்று கேட்டுவிடுகிறேன், இத்தனை வருட அனுபவம் என்று சொன்ன டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா என்று பெற்றோர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.