கதாநாயகன் தலை வேண்டும்

உள்ளதைச் சொல்லிச் சலூன் நடத்த ஏலாது. நடிகரின் படத்தைக் காட்டி வெட்டச் சொல்லிவிட்டு, கடைசியில் கண்ணாடியில் தெரிந்த சொந்த முகத்தைக் கண்டு திகைத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தத் துன்பத்தின் மறுபக்கத்தில் கத்தரிக்கோலோடு நின்றவன் நான்.

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட முப்பது வருசமாக என் சலூன். அங்கே வந்த படங்களில் முக்கால்வாசி ஒரே இந்திய நடிகருடையவை. நான் தொழிலுக்கு வர முதலே அவர் கதாநாயகன். இன்றைக்கும் அவர்தான் கதாநாயகன். படத்துக்குப் படம் தலையை மாற்றுவார். மாற்றிய கிழமையே ஊர் என் வாசலில் நிற்கும்.

நெற்றியில் விழுகிற முடி

தம்பலகாமத்து வயற்காரர் ஒருவர். தலை முழுக்கச் சுருள். அந்த நடிகருக்கு நெற்றியில் சரிந்து விழுகிற முடி தனக்கும் விழவேண்டும் என்றார். சுருள் முடி அப்படி விழாது என்றேன். "அவருக்கு விழுது, எனக்கேன் விழாது?" என்று கேட்டார். என் கையில் எனக்கும் நம்பிக்கை. தண்ணீர், கிறீம், சூட்டுக் காற்று என்று ஒரு மணித்தியாலம் பாடுபட்டு விழுத்திவிட்டேன். ராசா மாதிரி டிராக்டரில் ஏறிப் போனார்.

அடுத்த கிழமை பழைய சுருளோடு வந்து கதிரையில் இருந்தார். "உங்கட வேலையில பிழையில்ல அண்ணே. கண்டி றோட்டுக் காத்துக்குத்தான் படம் பார்க்கிற பழக்கமில்ல."

அரை மீசை

கல்யாண நாள் காலை. மாப்பிள்ளை நகரத்துப் பெடியன், வங்கியில் வேலை. புதுப்படத்தில் அந்த நடிகர் வைத்திருந்த மெல்லிய மீசை வேணுமாம். வெளியே காரில் சொந்தக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் முடித்து வலப்பக்கம் வந்தபோது மாப்பிள்ளை தும்மினார். பாதி மீசை கழுத்தில் போர்த்திய துவாயில் கிடந்தது.

என் பதற்றத்தை முகத்தில் காட்டவில்லை. அதே நடிகர் தொடக்க காலத்தில் மீசையில்லாமல் நடித்த படமொன்றைப் போனில் தேடி எடுத்து, "இதுவும் அவர்தான்" என்றேன். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, "வழியுங்கோ" என்றார்.

ஒரு மாதத்தால் புது மீசையோடு வந்தார். "தாலி கட்டேக்க அவ குனிஞ்சபடி இருந்ததால தப்பினன். பந்தியிலதான் நிமிர்ந்து பார்த்தவ. 'நீங்கள் மாப்பிள்ளையின்ர தம்பியோ?' எண்டு கேட்டவ."

நரை

ஒரு படத்தில் அவர் நரைத்த தலையோடு வந்தார். ஊரில் பாதிப் பேர் டை பூசுவதை விட்டார்கள். ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவரும் வந்து, இனிப் பூச்சு வேண்டாம் என்று கம்பீரமாக அறிவித்தார். அவருக்குப் பின்னால் நின்ற மனைவி என்னைப் பார்த்துச் சொன்னா: "அவருக்கு நரை வேஷம், இவருக்கு நரை வயசு. நீங்கள் பூசுங்கோ தம்பி."

கிண்ணியா நானா

எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம். கிண்ணியாவில் மீன் வியாபாரம் செய்கிற நானா ஒருவர், அந்த நடிகரின் ஒவ்வொரு படத்துக்கும் முதல் ஆளாக வருவார். எப்படி வெட்டினாலும், "இன்னும் அவர்ர தலை வரல்ல" என்று குறை சொல்லாமல் எழும்பமாட்டார். புதுப்படம் வந்து மூன்று கிழமையாகியும் ஆளைக் காணவில்லை. விசாரித்தால், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறார்களாம்.

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் தொப்பியோடு இருந்தார். கழற்றினார். முடி திட்டுத் திட்டாகக் கொட்டியிருந்தது. நான் உள்ளதையே சொன்னேன். "நானா, புதுப்படத்தில அவர் மொட்டை."

நானா தலையைக் குனிந்து தந்தார். தோல் மெலிந்திருந்ததால் மெல்ல மெல்ல வழித்தேன். உள்ளே அவர் மனைவி அழுவது கேட்டது. முடித்துக் கண்ணாடியைக் கொடுத்தேன். நானா இப்போது சுகமாகி, வெள்ளை முடியோடு திரும்பவும் வியாபாரத்துக்குப் போகிறார். ஆனால் அன்றைக்குத் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தபடி அவர் சொன்னது இதுதான்: "இத்தின வருசமா வெட்டுறீங்க. இண்டைக்குத்தான் தம்பி, அச்சொட்டா அவர்ர தலை!"

அந்த நடிகருக்கென்ன, ஒரு படத்துக்கு ஒரு தலையைச் சமாளித்தால் போதும். மிச்சத் தலைகளையெல்லாம் நான்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.