காதுக்கும் கத்தரிக்கும் நடுவில்

"யாரு இதை நகர்த்தி வெச்சது?"

என் கொழுந்தனார் இரண்டு மாதமாகத் தினமும் கேட்ட கேள்வி இது. டம்ளரை எடுக்கக் கையை நீட்டுவார். விரல் அதற்கு முன்னாலேயே வெறும் காற்றைப் பிடிக்கும். தண்ணீர் ஊற்றுவார், டம்ளருக்கு இந்தப் பக்கம் மேஜையில் கொட்டும். உடனே என்னைப் பார்த்து ஒரு அதட்டல். காலை நேரத்தில் எனக்கு வேறு வேலையில்லை பாருங்கள், டம்ளரை இரண்டு விரல் தள்ளி வைத்து விளையாட!

"உங்க தம்பிக்கு என்னமோ ஆயிடுச்சு, கேளுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நீ ஒரே இடத்துல வெச்சுத் தொலையேன்" என்றார். அண்ணன் தம்பி ஒற்றுமை இதில் மட்டும்தான்.

கொழுந்தனாருக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் வாசம். தொழில் முடி வெட்டுவது. கடையில் இரண்டு நாற்காலி. ஒன்று இவருடையது, இன்னொன்று கூட்டாளியுடையது. இருபத்தாறு வருஷமாக ஒருத்தர் காதிலும் கத்தரி பட்டதில்லை என்பதில் ரொம்பப் பெருமை. பட்டது, ஒரு புதன்கிழமை. தபால் ஆபீஸ் கிளார்க்கின் இடது காது. பெரிய காயமில்லை, நுனியில் ஒரு கீறல்தான். ஆனால் காதில் வருகிற ரத்தம் லேசில் நிற்காது.

"நீங்க தலையை ஆட்டிட்டீங்க சார்" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

"ஏம்ப்பா, நான் பொம்மை மாதிரி உக்காந்திருந்தேன். உனக்குக் கண்ணு தெரியலைன்னா சொல்லு!" என்று கத்திவிட்டு அவர் பாதி வெட்டிய தலையோடு கிளம்பிவிட்டார்.

அவர் கோபத்தில் சொன்னதுதான் உண்மை. மறுநாள் நானே கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா இவருடைய வலது கண்ணைப் பொத்தினார்.

"எதிர்ல என்ன தெரியுது?"

"லைட்டை ஏன் அணைச்சீங்க?" என்றார் இவர். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

இடது கண்ணின் ரத்தக்குழாய் அடைத்து, பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. நல்ல கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதால் இந்த மனுஷனுக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள் என்று நான் தொண்டை வறளச் சொன்னது தனிக்கதை. போனது போனதுதான், திரும்ப வராது என்றார் டாக்டரம்மா.

"ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் டம்ளர் தவறுது?" என்று கேட்டேன்.

"நீங்க ஒரு கண்ணை மூடிக்கிட்டு இந்தப் பேனாவுக்கு மூடி போடுங்க பார்ப்போம். பேனாவைக் குறுக்கே பிடிச்சுக்கிட்டு."

போட்டேன். மூடி பேனாவைத் தாண்டிப் போயிற்று. இரண்டாம் தடவை முன்னாலேயே நின்றது. அவமானமாக இருந்தது.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கண்கள் இரண்டும் கொஞ்சம் தள்ளித்தள்ளி இருக்கின்றன. அதனால் ஒரே பொருளை ஒவ்வொரு கண்ணும் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறது. மூக்குக்கு நேரே ஒரு விரலை நிறுத்தி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள், விரல் குதிக்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எது கிட்டே, எது எட்ட என்று மூளை கணக்குப் போடுகிறது. தூரத்தில் இருப்பதற்கு இது அவ்வளவாகத் தேவையில்லை. தெருக்கோடியில் வரும் பஸ்ஸை ஒரு கண்ணாலும் கண்டுபிடிக்கலாம். வர வரப் பெரிதாகும், மற்றதை மறைக்கும். கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இரண்டு கண் வேண்டும். முடி வெட்டுகிறவருக்கு வேலையே அந்தத் தூரத்தில்தான்.

"பழகிடும். தலையை லேசா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைச்சுப் பாருங்க. கிட்ட இருக்கிறது அதிகமா நகரும், எட்ட இருக்கிறது கம்மியா நகரும்" என்று அனுப்பிவைத்தார்.

வீட்டில் அது பலித்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தலையை அசைத்து அசைத்து உட்காருவார். பக்கத்து வீட்டுப் பொடிசுகள் 'புறா மாமா' என்று பேர் வைத்துவிட்டன. தண்ணீர் ஊற்றும்போது ஜக்கின் மூக்கை டம்ளர் விளிம்பில் இடித்து வைத்துக்கொள்ளவும் பழகினார். ஆனால் கத்தரியை நாலு பேர் காதில் இடித்துப் பார்க்க முடியுமா?

கூட்டாளி நல்லவர்தான். "மச்சான், நீ துண்டு துவைச்சுக் குடு, கடையைப் பெருக்கு, போதும். நான் வெட்டிக்கிறேன்" என்றார். இவர் கத்தரியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நாலு நாள் பின்னறையிலிருந்து வெளியே வரவில்லை. இருபத்தாறு வருஷம் கத்தரி பிடித்த ஆளைத் துடைப்பம் பிடி என்றால் எப்படி இருக்கும்? அழுகிற ஆளாக இருந்தாலாவது அழுது தீர்த்திருப்பார்.

ஐந்தாம் நாள் என் பெரிய பாத்திரம் ஒன்றைக் காணோம். போய்ப் பார்த்தால் அதைக் கவிழ்த்து, மேலே தரை துடைக்கும் மாப்பின் நூலைக் கட்டி, இரண்டு பக்கமும் அட்டையில் காது வெட்டி ஒட்டியிருக்கிறார். ஒத்திகையாம்! சாயங்காலம் அறையைப் பெருக்கினால் முறம் நிறைய அறுந்த காது. தலையை எவ்வளவு அசைத்தாலும், கத்தரி நகர்ந்துகொண்டே இருக்கும்போது கணக்குத் தப்புகிறது.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. ஒருநாள் துவைத்த துணியை வைக்க அந்த அறையில் இருக்கும் என் பீரோவைத் திறந்தேன். கதவில் ஆளுயரக் கண்ணாடி. பாதி திறந்தபடி விட்டுவிட்டு மடித்துக்கொண்டிருந்தேன், இவர் பக்கத்தில் பாத்திரத் தலைக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். முடித்து மூடப் போனால், "அண்ணி! மூடாதீங்க!" என்று ஒரு கத்தல்.

"என்ன தம்பி, உயிரே போயிடுச்சு எனக்கு."

"பாருங்க, ரெண்டு காதும் முழுசா இருக்கு."

இருந்தது.

"நேரா பார்த்தா கத்தரியும் காதும் ஒட்டிக்கிட்ட மாதிரிதான் தெரியுது. கண்ணாடியில பக்கவாட்டுல தெரியுதுல்ல, அதுல நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு தெரியுது அண்ணி."

"அப்ப கடையில இருக்கிற கண்ணாடி என்ன, அலங்காரத்துக்கா?"

"அது வர்றவங்களுக்கு எதிர்ல இருக்கு. எனக்குப் பக்கத்துல வேணும்."

ஒரு கண் போனால் என்ன, வேறு பக்கத்திலிருந்து பார்க்க ஒரு கண்ணாடி இருந்தால் ஆயிற்று. அன்றே பீரோ கதவிலிருந்து கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். என் முகத்தை அதில் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அதை இரண்டாக அறுத்து, கடையில் இவருடைய நாற்காலிக்கு இரண்டு பக்கமும் கீல் வைத்து மாட்டினார்கள்.

"முதல்ல எவன் உக்காருவான்?" என்றார் கூட்டாளி.

என் வீட்டுக்காரரைத் தள்ளிக்கொண்டு போய் உட்காரவைத்தேன்.

"ஏய், காது போயிடும்டி!"

"போனா போகட்டும். இத்தனை வருஷமா நான் சொல்றது எதையாவது கேட்டுச்சா அது?"

கொழுந்தனார் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். முன்னெல்லாம் இருபது நிமிஷம். வியர்த்துக் கொட்டியது. கூட்டாளி பஞ்சோடு பக்கத்திலேயே நின்றார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. "சரி மச்சான், நாற்காலி உன்னுது. ஆனா சவரக்கத்தியை மட்டும் தொடாதே" என்றார். அது நியாயம். இவரும் ஒத்துக்கொண்டார். சவரம் கூட்டாளி, முடி இவர்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு காதில்கூடப் படவில்லை. இப்போது அரை மணி நேரத்தில் முடிக்கிறார். ஆனால் என் வீட்டுக்காரரும் நாலைந்து பழைய ஆட்களும் தவிர யாரும் அவரிடம் உட்காருவதில்லை, தபால் ஆபீஸ் கிளார்க்கின் காதுக் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. மற்றவர்கள் கூட்டாளிக்குக் காத்திருந்து வெட்டிக்கொண்டு போகிறார்கள். இவர் நாற்காலியை நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். இப்படியே போனால் வருஷக் கடைசியில் நாற்காலியை விட்டுவிடப்போவதாக என்னிடம் சொன்னார். பாவம் பார்த்து யாரையும் வரச் சொல்லாதீர்கள் அண்ணி என்றும் சொன்னார். நான் பாவம் பார்க்கச் சொல்லவில்லை. எல்லாருக்கும் முடி வளர்கிறது, எங்கேயாவது வெட்டித்தான் ஆகவேண்டும்.

மார்க்கெட் பின்வாசலில், சைக்கிள் கடைக்கு அடுத்த கடை. உள்ளே போனதும் இடது பக்கம், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த நாற்காலி. அவர் தலையை அசைத்து அசைத்துப் பார்ப்பார், நீங்கள் அசையாமல் உட்காருங்கள். கூட்டாளி காலியாக இருந்தாலும் சரி, அந்த நாற்காலிக்கே போங்கள்.