சாவு வீட்டுக் குரலில் ஒரு தாலாட்டு

வெள்ளிக்கிழமை காலையில் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. புது ஆல்பங்கள் வருகிற நாள் அது. ராயபுரத்தில் என் சவுண்ட் சர்வீஸ் கடையின் ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு, ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தால் மதியம் ஆகிவிடும். கேட்டு முடித்ததும் போனை எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போடுவேன். பந்தல் போடுகிறவர்கள், மேளக்காரர்கள், மண்டப மேனேஜர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், எங்கள் ஏரியாப் பெண்கள் என்று கலந்துகட்டிய குழு அது. எந்த விசேஷத்துக்கு எந்தப் புதுப் பாட்டைப் போடலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்வது என் வேலை. யாரும் என்னை நியமிக்கவில்லை. சொல்லாவிட்டால் எனக்குத்தான் சோறு இறங்காது.

தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டேன். "பெரிய படத்து ஆல்பம் வந்துகீது. ரெண்டாவது பாட்டு மட்டும் ரிசப்ஷனுக்கு ஆவும். மத்ததெல்லாம் தண்ணி ஊத்துன சாம்பாரு" என்பேன். வயலினையும் கிட்டாரையும் கலந்து யாராவது ஆல்பம் போட்டிருந்தால், பந்தி ஓடும்போது சின்னதாக வைத்து விடுங்கள், ஜனங்கள் அடித்துக்கொள்ளாமல் சாப்பிடுவார்கள் என்பேன். வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் மகளின் நிக்காஹுக்குக் கேட்டபோது, தஃப் அடித்துப் பாடிய புது ஆல்பம் ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். மண்டபத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை மனிதர். தொண்டை கிழியக் கத்துகிற மெட்டல் ஆல்பத்தைக்கூட விட்டதில்லை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி க்யூவில் நாள் முழுக்க மாட்டிக்கொள்கிற டிரைவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்தேன். நீங்கள் மனசுக்குள் கத்துவதைத்தான் அவன் வாய்விட்டுக் கத்துகிறான் என்று சொன்னேன். சிரித்தார்கள், சிலர் கேட்கவும் கேட்டார்கள்.

ஒரே ஒரு ஆல்பத்துக்கு மட்டும் என் பேச்சு எடுபடவில்லை.

அதைப் போட்டவன் எர்ணாவூர் குடியிருப்பில் இருப்பவன். பிழைப்புக்குக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பான். மற்றபடி சாவு வீட்டில் கானா பாடுகிறவன். எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் சாமியானா, ஐஸ் பெட்டி, என் ஸ்பீக்கர், அவன் குரல், இந்த நாலும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடும். செத்தவர் என்ன வேலை பார்த்தார், யாரோடு சண்டை போட்டார், எந்தக் கடையில் டீ குடித்தார் என்று விசாரித்து, அங்கேயே உட்கார்ந்து கட்டிப் பாடுவான். கூப்பிட்ட சாவு வீட்டுக்கு வர மாட்டேன் என்று கானா பாடுகிறவன் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. அவனும் சொன்னதில்லை. பல வருஷம் இப்படிப் பாடிப் பாடி, அவன் குரலே சாவுச் செய்தியாகிவிட்டது. குழாயடியில் நிற்கிற பெண்கள் தூரத்தில் அந்தக் குரல் கேட்டால் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "யார் வூட்லடீ?" என்பார்கள். என்ன பாடுகிறான் என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

அதனால் சாவு இல்லாத வீட்டில் அவன் குரல் கேட்கக் கூடாது. கேட்டால் அது எமனைக் கையோடு கூட்டி வந்துவிடும் என்று ஒரு பயம். என் ஸ்பீக்கர் பெட்டி காலையில் பிணத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சாயங்காலம் அதே பெட்டி மஞ்சள் நீராட்டு விழாவில் இருக்கும். நடுவில் ஒரு ஈரத்துணித் துடைப்பு, அவ்வளவுதான். பெட்டிக்குத் தீட்டு இல்லை, மைக்குக்கு இல்லை, எனக்கும் இல்லை. அவன் தொண்டைக்கு மட்டும் உண்டாம்! என்ன நியாயமோ.

அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, கலைந்து கலைந்து கடைசியில் தங்கிய குழந்தை. அதனால் அவன் மனைவியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வயிற்றில் இருந்தபோதே, வீட்டில் முணுமுணுக்கக்கூட வேண்டாம் என்று அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறந்த பிறகும் அப்படித்தான். ஊருக்கே மைக்கில் பாடுகிறவன், அழுகிற மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாயை மூடியபடி வராந்தாவில் நடப்பான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகளைத் தன் குரலில் பாடித் தூங்க வைக்க வேண்டும்.

"நாலு நல்ல காரியத்துல உன் பாட்டு ஓடட்டும். அப்பால வூட்ல பாடு. நான் இன்னா வேணான்னா சொல்லப் போறேன்?" என்று மனைவி ஒருநாள் சொல்லிவிட்டாள். அந்த வார்த்தையை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அதற்காகத்தான் அந்த ஆல்பம்.

வியாசர்பாடியில் ராப் பாடுகிற தோஸ்து ஒருவனின் அறையில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்கப் பாடி எடுத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மற்ற புது ஆல்பங்களோடு அதுவும் வந்தது. சிநேகிதன் என்பதற்காக ஏற்றிச் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. நடுவில் ரெண்டு பாட்டு சுமார். ஆனால் ஷேர் ஆட்டோவில் இடம் பிடிக்கிற சண்டையைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது பாருங்கள், கால் தானாக ஆடும். ராப்பும் கானாவும் அதில் ஒன்றையொன்று கலாய்த்துக்கொண்டே போகும். கடைசியில் அந்தத் தாலாட்டு. டோலக் இல்லை, கீபோர்டு இல்லை. ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை விரலால் தட்டுகிற சத்தம் மட்டும். கப்பல் ஊதினால் ஊதட்டும், லாரி கத்தினால் கத்தட்டும், நீ தூங்கு என்று போகிற பாட்டு. சாவின் வாடையே அதில் கிடையாது. கேட்டு முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்குக் குழுவில் பேசியதுபோல நான் என்றைக்கும் பேசியதில்லை. ஷேர் ஆட்டோ பாட்டை ரிசப்ஷனுக்குப் போடுங்கள், தாலாட்டைத் தொட்டில் போடுகிற வீட்டில் போடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். வழக்கமாகக் கட்டைவிரல் படமும் நெருப்புப் படமும் வந்து குவியும். அன்றைக்கு ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு பெண் தனியாகப் பேசி அனுப்பினாள். "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. இத்த குரூப்புல போடாதீங்க. எங்க வூட்ல நெறமாச புள்ளத்தாச்சி கீது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரிடமும் கேட்காமல், அடுத்து வந்த தண்டையார்பேட்டை ரிசப்ஷனில் நானே அந்த ஷேர் ஆட்டோ பாட்டைப் போட்டுவிட்டேன். அவனும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மண்டபமே ஆடியது. மாப்பிள்ளை ஆடினான், பெண் வெட்கப்பட்டுக்கொண்டே ஆடினாள். பாட்டு பாதி போயிருக்கும், மாப்பிள்ளையின் அத்தை மேடையிலிருந்து ஓடி வந்தாள். "டேய், அந்த சாவு வூட்டுக்காரன் குரல்டா இது! நிறுத்துடா!"

யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள். கல்யாண ஜோடிக்குக் கற்பூரம் சுற்றிப் போட்டார்கள். "ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் ஜோரா ஆடினீங்களே, அப்ப தெரியலியா?" என்று நான் மல்லுக்கு நின்றேன். அவன்தான் என் தோளைப் பிடித்து இழுத்தான்.

"உடுண்ணா. ஆடுனாங்கல்ல? அத்த பாத்துட்டேன்" என்றான்.

அதன் பிறகு நடந்ததுதான் அநியாயம். எண்ணூர் ரோட்டில் டிரெய்லரில் அடிபட்டு பைக்கில் போன ஒருவன் செத்துப்போனான். அவன் சிநேகிதர்கள் அவன் போட்டோக்களை வரிசையாக வைத்துக் கண்ணீர் அஞ்சலி வீடியோ செய்தார்கள். பின்னால் ஓட ஒரு பாட்டு வேண்டுமே? அந்தத் தாலாட்டை எடுத்துப் போட்டார்கள். அவர்களுக்கு அதில் தப்பே தெரியவில்லை. பாடினவன் சாவு வீட்டுக்காரன், தூங்கு என்கிறான், வேறென்ன வேண்டும்! அந்த வீடியோ எங்கெங்கோ போனது. அப்புறம் யார் செத்தாலும் அதே பாட்டு. மெழுகுவத்தி எரியும், போட்டோவைச் சுற்றிப் பூ உதிரும், இவன் தூங்கு தூங்கு என்பான். கொருக்குப்பேட்டையில் ஆரம்பித்து, நான் பார்த்தேயிராத ஊர்க்காரர்களின் ஸ்டேட்டஸ் வரைக்கும் அதுதான்.

"மாமு, பாட்டு ஹிட்டுபா!" என்று காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற இடத்துக்கே வந்து கை குலுக்கினார்கள். அவன் பேமானிகளா என்று கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். தலையாட்டிவிட்டு ஐஸை உடைத்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டுக்காரியின் ஸ்டேட்டஸில் அவன் மனைவியும் அதைப் பார்த்துவிட்டாள். சண்டை போடவில்லை. குழந்தையைத் தூக்கி மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, "இந்தப் பாட்டு மட்டும் இங்க வேணாம்" என்றாளாம். எந்தப் பாட்டை மகளுக்கென்று கட்டினானோ, அந்தப் பாட்டே.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் நெட்டுக்குப்பத்திலிருந்து ஆள் வந்தது. ஒரு குழந்தை. இழுப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், திரும்ப எடுத்து வந்துவிட்டார்கள். அவன் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியது. நான் ஒரே ஒரு சின்ன பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். நல்ல வெயில் நேரம். கொசஸ்தலை ஆற்றுப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது, சாமியானாத் துணியெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூசி. அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு வெறுமனே நின்றான். குழந்தையைப் பற்றி என்ன விசாரித்துக் கட்டுவது? அது என்ன வேலை பார்த்தது, யாரோடு சண்டை போட்டது?

குழந்தையின் அம்மா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"அண்ணா, அந்த தூங்குன்ற பாட்டு பாடுண்ணா. டெய்லி அத்த போட்டாத்தான் தூங்குவான்" என்றாள்.

நாங்கள் ரெண்டு பேரும் ஊரெல்லாம் தேடிய வீடு அது. உயிரோடு இருக்கிற குழந்தைக்கு அவன் பாட்டைப் போட்டுத் தூங்க வைத்த வீடு. இருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் தெரிய வந்தது இந்த விதத்தில். அவன் பாடினான். பிசிறு இல்லாமல் முழுசாகப் பாடினான். பாடி முடித்ததும் மைக் ஒயரைச் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கழிமுகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். கூட்டத்தில் ரெண்டு கிழவிகள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "சின்னப் புள்ள இருக்கிற வூட்ல அவன் குரல ஓட உடலாமா? அதான் பாரு" என்றாள் ஒருத்தி. அவன் காதிலும் விழுந்திருக்கும். ஓங்கி ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். பிணம் இருக்கிற இடத்தில் என்ன பேச?

கொஞ்ச நாள் அவன் கடைப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தான். நான் கேட்டுக்கொண்டிருந்ததை நிறுத்தினேன்.

"இந்த வாரம் இன்னாண்ணா வந்துகீது?"

"ஒரு படம், ஒரு ராப்பு, நாகஸ்வரத்துல ஒருத்தன் ஜாஸ் வாசிச்சிகீறான். கேக்கறியா?"

"தாலாட்டு எதுனா வந்துகீதா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

"பாப்பா தூங்கவே மாட்டேங்குதுண்ணா. அதுவும் பேஜாராயி, அவளும் பேஜாராயி கெடக்கறா. நீதான் எல்லாருக்கும் சொல்ற. எனக்கும் ஒண்ணு சொல்லு. வேற ஆளு குரல்ல."

அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேடினேன். மூஞ்சியை அவன் பார்க்க வேண்டாம் என்று. அந்த வாரம் உண்மையிலேயே ஒன்று வந்திருந்தது. எங்கோ வெளியூரில் இருக்கிற ஒரு பெண், வீணையை மட்டும் வைத்துக்கொண்டு தாலாட்டுகளாகவே பாடிய ஆல்பம். நல்ல ஸ்டுடியோ, சுத்தமான குரல். எடுத்துக் கொடுத்தேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முதல் பாட்டை முழுசாகக் கேட்டான்.

"அந்தப் பொண்ணு சோக்கா பாடிகீதுண்ணா. மூச்சு எங்க எடுக்குதுன்னே தெர்ல" என்றான்.

மனைவிக்கு அனுப்பப் போனவன், விரலை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ணா, இவ குரலு எந்த சாவு வூட்லயும் ஓடுனதில்லல்ல?"

"இல்ல" என்றேன்.

"அப்ப சரி" என்று அனுப்பினான்.