ஆறு பொண்ணுக முளைப்பாரியை இறக்கி வச்ச நாள்

விளக்குக்கு முன்னால உக்காந்திருக்கிற அக்கா தங்கச்சிமாரே, என் பேரு ராக்கம்மா. கடலாடிக்குக் கிழக்க நாலு மைல்ல எங்க ஊரு. மொளகாக் காட்டு வேலை. அது இல்லாத மாசத்துல கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுற வேலை. அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். அழகாப் பேச வராது. ஆனா காளியாத்தா எங்களுக்குச் செஞ்சதைச் சொல்லாமச் செத்தா என் கட்டை வேகாது.

போன வாரம் இங்கன பேசின ஒரு அக்கா, "ஆத்தாளைக் கும்பிட்டேன், மனசு குளுந்து போச்சு"ன்னு சொன்னாக. எனக்குக் குளுரலை. பத்து வருசம் ஓடிப்போச்சு. இன்னைக்கு நெனச்சாலும் உடம்பு கொதிக்குது. கொதிச்சுக்கிட்டேதான் சொல்லப்போறேன், பொறுத்துக்கிருங்க.

என் மக ஈஸ்வரி அப்ப ஒம்பதாவது. எங்க ஊர்ல எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதுக்கு மேல படிக்கணும்னா கடலாடிக்கு நடக்கணும். பஸ் கிடையாது. ரெண்டு பக்கமும் கருவேலங்காடு, நடுவுல மண்ரோடு. ஏழு பொண்ணுக சேர்ந்து நடந்து போவாக, சேர்ந்து வருவாக. அந்த ஏழு பேருல மகேசுன்னு ஒரு பிள்ளை. பத்தாவது. கணக்குல புலி. ஈஸ்வரிக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்ததே அவதான்.

ஆனி மாசம் ஒரு சாயங்காலம், எங்க ஊர்ப் பயலுக மூணு பேரு ரோட்டை மறிச்சு சைக்கிளைப் போட்டு நின்னுருக்கானுக. மகேசு தாவணியைப் பிடிச்சு இழுத்திருக்கானுக. பிள்ளைக புத்தகத்தைப் போட்டுட்டு, செருப்பைப் போட்டுட்டு, முள்ளுக்குள்ள விழுந்து எந்திரிச்சு ஓடி வந்துச்சுக. ஈஸ்வரி கால்ல முள் எடுத்தது நான்தான். ஒண்ணு ஒண்ணா எடுக்க எடுக்க, நாளைக்கு ஊர்க்கூட்டத்துல அந்தப் பயலுக தோலை உரிச்சிருவாகன்னு நெனச்சுக்கிட்டே எடுத்தேன்.

மறுநாள் ஊர்க்கூட்டம் கூடுச்சு. மூணு பயலுகள்ல ஒருத்தன் ஊர்த்தலைவரோட தம்பி மகன். ஒரு நாழிகைப் பேச்சு. முடிவு என்ன தெரியுமா? "இனிமே வயசுக்கு வந்த பொம்பளப் பிள்ளைக கடலாடிக்குப் போக வேண்டாம். ஊர் மானம் முக்கியம்." அவ்வளவுதான். பயலுகளை ஒரு வார்த்தை கேக்கல. கூட்டத்துல உக்காந்து தலையாட்டினவுகள்ல எங்க வீட்டுக்காரரும் ஒருத்தர். நான் பொம்பளைக பக்கத்துல நின்னேன். வாயைத் தொறக்கல. அதை நான் மறைக்கப்போறதில்ல. எனக்கு அவுக மேல இருக்கிற கோவத்துல பாதி என் மேலயும் உண்டு.

திங்கக்கிழமை காலைல பார்க்கிறேன், தாவணியை இழுத்த அதே பய, தலைக்கு எண்ணெய் வச்சுச் சீவி, சைக்கிள்ல பள்ளிக்கூடம் போறான். என் மக வெறகு கட்டத் தாம்புக்கயிறு எடுத்துக்கிட்டு என் பின்னால வாரா. அக்கா, அந்த ஒரு காலைல நான் பாதிப் பைத்தியம் ஆயிட்டேன்.

ஈஸ்வரி பேச்சை நிப்பாட்டிட்டா. சோறு போட்டா ரெண்டு வாய். கரி அள்ளுற கூடையைத் தூக்கச் சொன்னா தூக்குவா, இறக்கச் சொன்னா இறக்குவா. ஏதோ களவாண்ட பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டே நடப்பா. எங்க அண்ணன் கமுதியிலருந்து வந்து, "சும்மா வச்சிருக்கிறதுக்கு ஒரு நல்ல எடமாப் பார்ப்போமே"ன்னாரு. பதினாலு வயசு.

ஆடி முதல் வெள்ளி, உச்சிப் பொழுது. காலைப் பூசை முடிஞ்சு எல்லாரும் போயிட்டாக, கோயில்ல யாருமில்ல. நான் கைல தேங்காய் கொண்டு போகல, பூக் கொண்டு போகல. கரி படிஞ்ச சீலையோட போயி நேருக்கு நேரா நின்னு கத்துனேன்.

"நீ பொம்பளதான? உன் கைல சூலம் எதுக்கு? வருசா வருசம் எங்ககிட்டப் பொங்கல் வாங்கித் திங்கிறியே, என் பிள்ளை தாவணியைப் பிடிச்சவன் கையை நீ பார்க்கலையா? ஒண்ணு அவனுகளைக் கேளு. இல்லாட்டி எங்களுக்கு ஒரு வழியக் காட்டு. ரெண்டும் முடியாதுன்னா இறங்கிப் போ, அந்தப் பீடத்துல நான் ஏறி உக்காருறேன்!"

சொன்னது இம்புட்டுத்தான். சாமியை இப்படிப் பேசிட்டேனே, குடும்பத்துக்கு என்ன ஆகுமோன்னு பயம். விழுந்து கும்பிடக்கூட இல்லாம வீட்டுக்கு வந்துட்டேன்.

அதுக்கு அடுத்த வாரம் ஒரு பொண்ணு எங்க ஊருக்கு நடந்து வந்துச்சு. ஒல்லி. தலையில முக்காடு, கைல குடை, தோள்ல ஒரு பை. ரஹ்மத்னு பேரு. கடலோரத்துல இருக்கிற புதுமடத்துப் பொண்ணு. இருபத்திரண்டு வயசு இருக்கும். பொண்ணுக படிப்புக்காக ஊர் ஊராப் போற வேலை அதுக்கு. கடலாடிப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தர், "அந்த ஊர்ல இருந்து ஏழு பேரு ஒரே நாள்ல நின்னுட்டாக, என்னன்னு பாரும்மா"ன்னு சொல்லி விட்டிருக்காக.

நான் கேட்டது என்ன? இடி விழணும்னு கேட்டேன். எனக்கு வந்தது குடை பிடிச்ச ஒரு சின்னப் பொண்ணு. மொத நாள் நான் மொகங்குடுத்துப் பேசல. "நீ என்னம்மா செஞ்சிரப்போற?"ன்னு கேட்டேன்.

"நான் ஒண்ணும் செய்யப்போறதில்லக்கா. என்னையும் எட்டாவதோட நிப்பாட்டுனாங்க. வீட்டுல இருந்தே படிச்சுப் பரீட்சை எழுதுனேன். உங்க பிள்ளைகளோட உக்காந்து பேசணும், அவ்வளவுதான். இன்ஷா அல்லா, மத்ததை அவங்களே பார்த்துக்குவாங்க"ன்னுச்சு.

வாரம் ரெண்டு நாள் மத்தியானம், பால்வாடிக் கட்டடத்துல ஏழு பிள்ளைகளும் கூடுச்சுக. நான் வாசல்ல உக்காந்து மொளகா வத்தல் காம்பு கிள்ளுற மாதிரி காவல் இருப்பேன். ரஹ்மத் பாடம் நடத்தல. ஒவ்வொருத்தியையும் எந்திரிச்சு நின்னு, பேரையும், தனக்கு என்ன வேணும்ங்கிறதையும் சத்தமாச் சொல்லச் சொல்லும். மொத நாள் ஒருத்திக்கும் குரல் வரல. ஈஸ்வரி நின்னுக்கிட்டே அழுதா. மூணாவது தடவை, "எம் பேரு ஈஸ்வரி. நான் டீச்சராகணும். என்னைய யாரு நிப்பாட்டுனது?"ன்னு கேட்டா பாருங்க. வாசல்ல இருந்த எனக்குக் காம்பு கிள்ள முடியல. கண்ணுல மொளகாக் காந்தலா, அழுகையான்னு தெரியல.

கலெக்டருக்கு மனு எழுதப் பழகுனாக. காலைல ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், அதுதான் மனு. அதுக்குள்ள ஆம்பளைகளுக்குத் தெரிஞ்சு போச்சு. ஊர்த்தலைவர் நடுத்தெருவுல ரஹ்மத்தை நிப்பாட்டி, "வேத்து மதத்துக்காரி வந்து எங்க பிள்ளைகளைக் கெடுக்குறியா? இனிமே ஊருக்குள்ள கால் வச்சா நடக்கிறதே வேற"ன்னாரு. அந்தப் பிள்ளை பயந்துச்சு, எனக்குத் தெரியும். ஆனா அடுத்த வாரமும் வந்துச்சு.

ஆவணியில ஒரு அநியாயம் நடந்துச்சு. மகேசுக்குக் கல்யாணம் பேசி முடிச்சுட்டாக. "ரோட்டுல கை பட்ட பிள்ளை, இனி யாரு கட்டுவா"ன்னு சொல்லிச் சொல்லி, கமுதிப் பக்கம் பெண்டாட்டி செத்த ஒருத்தனுக்கு. பதினஞ்சு வயசு அவளுக்கு. பிள்ளைக ஆறு பேரும் அவ வீட்டுக்குப் போயி மன்றாடுச்சுக. வெரட்டி விட்டுட்டாக. ரஹ்மத் அதிகாரிகளைப் பார்க்க ராமநாதபுரம் போயி நின்னுச்சு. அதுக்குள்ள குறிச்ச நாளுக்கு முன்னாலயே, சொந்தக்காரவுகளுக்கு மட்டும் சொல்லித் தாலி கட்டியாச்சு. நான் அந்தக் கல்யாணத்துல இலையில உக்காந்து சாப்பிட்டேன். சொந்தம், போகாம இருக்க முடியாதுன்னு போனேன். மகேசு என்னைப் பார்த்தா. நான் இலையைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டேன்.

புரட்டாசியில எங்க காளிக்கு முளைப்பாரித் திருவிழா. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. சட்டியில நவதானியம் விதைச்சு, பத்து நாள் தண்ணி தெளிச்சு வளர்த்து, கன்னிப் பொண்ணுக முன்னால, பொம்பளைக பின்னால தலையில தூக்கிக் கோயிலைச் சுத்தி ஊரணியில கரைக்கணும். முளை வளர்க்கிற வீட்டுக்குள்ள ஆம்பளைக நுழையக் கூடாது. அந்தப் பத்து நாளும் ஆறு பிள்ளைகளும் அந்த வீட்டுக்குள்ள என்ன பேசுனாகன்னு யாருக்கும் தெரியாது. ரஹ்மத்துக்கும் தெரியாது. "இது உங்க சாமி காரியம்க்கா, நான் இதுல ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்"ன்னு அது அந்த வாரம் வரவே இல்ல.

திருவிழா அன்னைக்குச் சாயங்காலம். மேளம் அடிக்குது. ஆறு பேரும் பாரியைத் தலையில தூக்கிக் கோயில் வாசல் வரைக்கும் வந்தாக. வந்து, வரிசையா, சந்நிதிக்கு நேரா மண்ணுல இறக்கி வச்சாக. கையைக் கட்டி நின்னாக.

மேளம் நின்னு போச்சு. ஊர்த்தலைவர் வந்தாரு. "என்ன இது? தூக்குங்க."

ஈஸ்வரிதான் பேசுனா. கடைசி ஆளுக்கும் கேட்டுச்சு.

"தூக்க மாட்டோம். ஆத்தாளுக்குப் பாரி எடுக்க நாங்க சுத்தம், பள்ளிக்கூடம் போக மட்டும் ஊர் மானம் போயிருமா? தப்புச் செஞ்சவுக வெளிய திரியுறாக, நாங்க அடைஞ்சு கிடக்கோம். மகேசுக்கா வாழ்க்கை போச்சு. அந்த மூணு பேரையும் இங்கன கொண்டு வந்து நிப்பாட்டுங்க. நாங்க பள்ளிக்கூடம் போகலாம்னு ஆத்தா முன்னால சொல்லுங்க. அப்புறம் தூக்குறோம்."

"ஏய்!"ன்னு கத்திக்கிட்டு எங்க வீட்டுக்காரர் கையை ஓங்கிக்கிட்டுப் பாஞ்சு வந்தாரு. பொம்பளைக வரிசையில என் தலையில என் பாரி. நான் யோசிக்கல. குறுக்க போயி, ஈஸ்வரி பாரிக்குப் பக்கத்துல என் பாரியை இறக்கி வச்சேன். "மொதல்ல என்னைய அடிங்க. ஆத்தா பார்க்கட்டும்"னேன். ஓங்கின கை அப்படியே நின்னுச்சு.

எனக்குப் பின்னால ஒரு சத்தம். சட்டி மண்ணுல உக்காருற சத்தம். திரும்பிப் பார்த்தா, மகேசோட அம்மா. அழுதுக்கிட்டே இறக்குனா. அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்துல தலையில பாரியோட ஒருத்தியும் இல்ல. கோயில் வாசல் பூராவும் பச்சைப்பசேல்னு முளை.

ஊர்த்தலைவர் விடல. "சாமியாடியக் கூப்பிடு. ஆத்தாகிட்டயே கேப்போம்"னாரு. சாமியாடி அவுக பங்காளிதான். உடுக்கு அடிச்சாக. குலவை போடச் சொன்னாக, ஒருத்தி போடல. அடிச்சு அடிச்சு உடுக்குக்காரன் கை ஓய்ஞ்சு போச்சு. வருசம் தவறாம வாசல்ல கால் வச்சதும் வர்ற அருள் அன்னைக்கு வரல. அந்த மனுசன் வேர்த்து ஊத்தி நின்னு, கடைசில கையைக் கூப்புனாரு. "ஆத்தா வரமாட்டேங்குறா. பிள்ளைக கேட்டதைச் செய்யுங்க"ன்னாரு. சொந்தப் பங்காளிக்கு எதிரா அவரு வாயில அது வந்துச்சே, அதை நான் என்னன்னு சொல்ல? ஆடியில நான் கத்துனதுக்கு ஆத்தா சொன்ன பதில் அதுதான். அன்னைக்கு அங்கனயே மண்ணுல விழுந்து கும்பிட்டேன்.

மூணு பயலுகளும் அவுக அப்பன்மாரோட வந்து, எல்லாருக்கும் முன்னால மண்ணுல விழுந்தாக. விழுந்தவுக மொகத்துல வெக்கத்தைவிட எரிச்சல்தான் இருந்துச்சு. இருக்கட்டும். விழுந்தாக.

"பிள்ளைக பள்ளிக்கூடம் போகட்டும்"னு ஊர்த்தலைவர் ஆத்தா முன்னால சொன்ன பெறகுதான் பாரியைத் தூக்குனோம். மறு திங்கக்கிழமை ஆறு பேரும் பள்ளிக்கூடம் போனாக. ரஹ்மத்தை அனுப்பி விட்ட அந்த டீச்சர் பதிவேட்டுல ஒரு பேரைக்கூட அடிக்கல, தெரியுமா? பஸ் வர்ற வரைக்கும் தினமும் காலைலயும் சாயங்காலமும் வெறகு வெட்டுற அருவாளைத் தோள்ல போட்டுக்கிட்டுப் பிள்ளைகளுக்குத் துணையா நடந்தது யாருங்கிறீக? எங்க வீட்டுக்காரர். ஒரு நாள்கூட "நான் தப்புப் பண்ணிட்டேன்"னு வாயால சொன்னதில்ல. நடந்தாரு. மனுவைப் பிள்ளைகளே கலெக்டர் ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுத்தாக. தை மாசம் பஸ் வந்துச்சு.

ஈஸ்வரி இன்னைக்கு டீச்சர். மத்த பிள்ளைகள்ல ரெண்டு பேரு நர்ஸ் வேலைக்குப் படிச்சாக. வேலையில இருந்தாலும் லீவு நாள்ல ஊர் ஊராப் போயி, நிப்பாட்டுன பிள்ளைகளோட உக்காந்து பேசுறாக. பேரைச் சத்தமாச் சொல்லச் சொல்லுறாக. ரஹ்மத்தும் வரும். நானும் கூடப் போறேன். ஊர்க்கூட்டத்துல வாயைத் தொறக்காம நின்னவ, இப்ப நாலு ஊர்க்கூட்டத்துல பேசிட்டேன்.

மகேசை நாங்க மீட்கல. பத்தாவது பரீட்சை அவ எழுதவே இல்ல. யாராவது என்கிட்ட "எல்லாம் நன்மைக்கே"ன்னு சொன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன். ஆத்தா எங்களுக்குக் குடுத்தது பெருசு. ஆனா நாங்க ஒரு மாசம் முந்தி வாயைத் தொறந்திருந்தா, அவளுக்கும் சேர்த்துக் குடுத்திருப்பா. பிந்துனது ஆத்தா இல்ல, நான்.

அதுனால சொல்றேன், அக்கா. அழுது கும்பிடுறது ஒரு வழி. வயித்தெரிச்சலோட கும்பிடுறதும் ஒரு வழிதான். உங்களுக்குள்ள கொதிக்குதுன்னா அதை அவ முன்னால கொண்டுபோய்க் கொட்டுங்க. அவ கோவிச்சுக்கிற மாட்டா. கொட்டிட்டு, கையைக் கட்டிக்கிட்டு உக்காராதீக.

மேற்க ரெண்டு ஊரு தள்ளி, எட்டாவது முடிச்ச ஒரு பிள்ளையை வீட்டுல நிப்பாட்டி மூணு வாரமாச்சுன்னு தகவல் வந்திருக்கு. நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸுக்கு நாங்க போறோம். அப்பன் வெரட்டுவான், பரவாயில்ல. வாரவுக கிளம்பி வாங்க.