சமையல் – 1

அந்தப் பட்டியலை எழுதியது என் கைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என்னிடம் நியாயம் பேச வேண்டாம்.

1982 தை மாதம். பெரம்பலூரில் ஒரு அலுவலகத்தில் நான் எழுத்தர், பெயர் பாலசுந்தரம். அங்கே எங்களுக்கு ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை சுற்றுலா போவதைத் தவிர அது வேறு எதற்கும் மகிழ்ந்ததில்லை. அதன் செயலாளர் எங்கள் தலைமை எழுத்தர் இளையபெருமாள். பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவி அவருக்கு இல்லை; ஆனாலும் சட்டைப்பையில் ஒரு பச்சை மைப் பேனா இருக்கும். சுற்றுலா பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எல்லாம் பிளான் பண்ணித்தான் செஞ்சிருக்கேன்" என்று வருடா வருடம் ஒரு சொற்பொழிவு ஆற்றுவார். நாங்களும் வெட்கமில்லாமல் கை தட்டுவோம்.

பிளான் செய்தது அவரில்லை. கொளஞ்சியம்மாள்.

அலுவலக மதிலை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை போட்டு இட்லியும் மதியச் சாப்பாடும் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். பிறந்தது அரும்பாவூர், வாழ்க்கைப்பட்டது சிறுவாச்சூர். கணவர் கிணறு வெட்டப் போன இடத்தில் வெடியில் கால் போய், நான்கு வருடம் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். அந்த நான்கு வருடத்தில்தான் கொளஞ்சியம்மாள் மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூருக்கு பஸ் ஏற ஆரம்பித்தார். திங்களும் வெள்ளியும் மட்டும் வரமாட்டார். அந்த இரண்டு நாள்தான் சிறுவாச்சூரில் காளி கோயில் திறந்திருக்கும், கூட்டம் அங்கே வரும், கடையும் அங்கே போய்விடும். அவருடைய குரல் தாழ்ந்த குரல். கோபம் வந்தால் இன்னும் தாழ்ந்துவிடும். அது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒகேனக்கல் போவது என்றால் சும்மா இல்லை. ஆத்தூர், சேலம், தொப்பூர், தருமபுரி, பென்னாகரம் என்று போக வேண்டும். விடியுமுன் கிளம்பினால்தான் பத்து, பத்தரைக்குள் ஆற்றைப் பார்க்கலாம். பென்னாகரம் தாண்டி மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு வாந்தி வரும். அதனால் தருமபுரிக்கு முன்னால் யாருக்கும் வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது, ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கையில் இருக்க வேண்டும். புளிக்காய்ச்சலை முந்தின நாளே காய்ச்சி ஆறவைக்க வேண்டும். சோற்றில் பாலை ஊற்றி ஒரே ஒரு கரண்டி மோர் விட்டால், பஸ் போகப் போக அது தயிராகிவிடும், மதியத்துக்குப் புளிக்காது. பஸ்ஸை எந்தப் புளியமரத்தடியில் நிறுத்தினால் மூன்று மணி வரை நிழல் இருக்கும், எந்தக் குழாயில் குடிக்கிற தண்ணீர் வரும், தையல் இலை எத்தனை கட்டு, குழந்தைக்காரிகள் எந்தப் பக்கம் உட்கார வேண்டும். இதெல்லாம் கொளஞ்சியம்மாள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அதை வாங்கி இளையபெருமாள் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான் அவருடைய பிளான்.

அந்த வருடம் ஏற்பாட்டுக் கூட்டம் நடந்தபோது டீ கொண்டுவந்த கொளஞ்சியம்மாள், தூக்கை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"இந்த வாட்டி அங்க போயி அடுப்பு பத்த வைக்க வேணாம் சார். எல்லாத்தையும் இங்கயே கட்டிடுறேன். மீனு வேணும்ங்கறவங்களுக்கு அங்கயே வறுத்துக் குடுக்கறாங்க."

"ஏம்மா, சூடா சாம்பார் வேணாமா?" என்றார் இளையபெருமாள்.

"நானும் ஒரு தரம் பரிசல்ல போயிட்டு வரணும் சார்."

யாரோ சிரித்தார்கள். இளையபெருமாள் கையை விரித்து, "அதுக்கென்னம்மா, மொதப் பரிசலே உங்களுக்குத்தான்" என்றார். கொடுப்பவர் மாதிரிதான் கையை விரித்தார்.

சாயந்திரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய் நான் கேட்டேன். இத்தனை தடவை வந்திருக்கிறாரே, பரிசலில் ஒருமுறைகூடப் போகவில்லையா என்று.

"ஆறு வருசம் வந்திருக்கேன் தம்பி. மேட்டூரு, முக்கொம்பு, பவானிசாகரு. ஒகேனக்கல்லு மட்டும் மூணு தரம். பஸ்ஸு எங்க நிக்குமோ அந்த எடம் பூரா எனக்குத் தெரியும். அருவி சத்தம் கேட்டிருக்கேன். பாத்ததில்ல."

எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருடமும் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து அவர் முன்னால் இலை போட்டு உட்கார்ந்தவன் நான். அப்பளம் இன்னொன்று கேட்டவன்.

"பரிசல்ல ஏறுனா சேல நனையுமா தம்பி?" என்று கேட்டார்.

"நனையும்க்கா."

"நனையட்டும்" என்றார். மஞ்சள் கரை போட்ட சேலை ஒன்றை அதற்கென்று எடுத்து வைத்திருந்தார். சொல்லும்போது முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாற்பத்தைந்து வயதில் ஒருவருக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருக்கிறது, அதுவும் ஒரு அரைமணி நேரம் தண்ணீர் மேல் உட்கார்ந்திருப்பது. இதைக்கூடக் கொடுக்க முடியாதவர்கள் நாங்கள்.

மறுவாரம் இளையபெருமாள் பட்டியல் சொன்னார், நான் எழுதினேன். அலுவலகத்து ஆட்கள், மனைவிகள், மாமியார்கள், சொந்தத்தில் சும்மா இருந்த இரண்டு மூன்று பேர் என்று நாற்பத்தைந்து பெயர் ஆனது. இளையபெருமாளின் மச்சானுடைய கைக்குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை. அதற்குக்கூட 'பாப்பா' என்று ஒரு வரி போடச் சொன்னார்.

"அடுத்து, சமையல் ஒண்ணு" என்றார்.

எழுதினேன். நாற்பத்தாறு, சமையல் – 1.

அதற்குக் கீழே யார் யார் எந்தப் பரிசல் என்று பிரித்தார். பரிசலுக்கு ஆறு பேர். ஏழு பரிசல் நிறைந்தது, எட்டாவதில் மூன்றே பேர். அதில் கொளஞ்சியம்மாள் இல்லை. நான் பார்த்தேன். பேனாவைத் தூக்கினேன். இளையபெருமாளோடு எதற்கு வம்பு என்று வைத்துவிட்டேன். கோபக்காரன் என்று எனக்கு ஆபீஸில் பெயர். ஃபைலைத் தூக்கி அடிப்பேன், பியூனிடம் கத்துவேன், பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போடுவேன். வேண்டிய இடத்தில் என் கோபம் ஒருநாளும் வந்து நின்றதில்லை. பட்டியலைப் பலகையில் ஒட்டியதும் நானே.

இளையபெருமாள் தெரிந்துகொள்ளாத ஒன்று இருந்தது. சிறுவாச்சூரில் முந்தின வருடம் முதியோர் கல்வி வகுப்பு ஆரம்பித்திருந்தார்கள். கொளஞ்சியம்மாள் ஏழு மாதமாகப் போய்க்கொண்டிருந்தார்.

பலகை முன்னால் அவர் நிற்பதைப் பார்த்தேன். விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி, உதட்டுக்குள் கூட்டிக் கூட்டிப் படித்தார். நாற்பத்தைந்து பெயரையும் படித்தார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் பக்கமாகப் போன என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நாப்பத்தாறுல என்னா போட்டிருக்கு?"

"உங்களத்தான்க்கா போட்டிருக்கு."

"அது இருக்கட்டும். படிங்க."

"சமையல் ஒண்ணு."

"நானும் அப்படித்தான் படிச்சேன். தப்பாப் படிச்சிட்டேனோன்னு பாத்தேன்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

நேராக இளையபெருமாள் மேசைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"பட்டியல்ல எம்பேரு இல்லியே சார்."

"பேரு எழுதுனா என்னம்மா, எழுதாட்டி என்னா? ஆளு ஒண்ணுதானே."

"பரிசல்லயும் இல்ல."

"அங்க கொரங்கு அட்டகாசம் உங்களுக்குத் தெரியாதா? சாமானுக்கு ஒரு ஆளு இருக்க வேணாமா? பரிசல்லயும் எடம் இல்ல."

"எட்டாம் பரிசல்ல மூணு பேருதான் சார் இருக்கு."

இளையபெருமாள் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். "படிக்கக் கத்துக் குடுத்தா இதான்யா தொல்ல" என்றார்.

இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று இப்போது தெரிகிறது.

"சரி சார், சமையலு வந்துடும்" என்று சொல்லிவிட்டுக் கொளஞ்சியம்மாள் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கொட்டகை வாசலில் பஸ் நின்றது. பாத்திரம் எல்லாம் தயாராக இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் சாக்கட்டியில் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: புளிசோறு, தயிர்சோறு, ஊறுகாய், தண்ணி. எலுமிச்சம்பழம் தனிப் பையில். தையல் இலை மூன்று கட்டு. எதுவும் குறையவில்லை. கடைசியாகப் புளிச்சோற்று அண்டாவை நாங்கள் இரண்டு பேர் தூக்கி ஏற்ற, அவரே உள்ளே வந்து அதை நாற்பத்தாறாவது சீட்டில் உட்கார வைத்துக் கயிற்றால் கட்டினார். கட்டிவிட்டு இறங்கினார்.

"ஏறுங்கம்மா, நேரமாவுது" என்றார் இளையபெருமாள்.

"ஏறிடுச்சி சார்."

"யாரு?"

"சமையலு. ஒண்ணுன்னுதானே போட்டிருக்கு. எண்ணிக்கங்க."

சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டார். அவர் கட்டியிருந்தது பழைய நூல் சேலை. இளையபெருமாள், "திமிரு" என்றார். "வண்டிய எடுப்பா" என்றார். அன்றைக்குச் சொற்பொழிவு இல்லை.

ஒகேனக்கல்லில் பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. வெயிலில் நிறுத்தினோம். எல்லோரும் துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினார்கள். குரங்குகள் வந்தன. இளையபெருமாள் திரும்பிப் பார்த்து, இருப்பதிலேயே இளையவன் யார் என்று கணக்குப் போட்டு, "பாலு, நீ இரு" என்றார்.

இருந்தேன். ஒரு குச்சியை வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் அண்டாவுக்குக் காவல். மரங்களுக்கு அந்தப் பக்கம் அருவி இரைந்துகொண்டே இருந்தது. சத்தம் மட்டும். அவ்வப்போது யாராவது கூவுவார்கள், பரிசலில் இருந்து என்று நினைத்துக்கொள்வேன். அந்தச் சத்தத்தைத்தான் அவர் மூன்று தடவை கேட்டிருக்கிறார், அதுவும் கண்ணெரிய அடுப்பு ஊதிக்கொண்டு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு குரங்கை அடிக்கப் போனேன். அது பல்லைக் காட்டியது. எதிர்த்துக் காட்ட அதற்காவது தெரிந்திருந்தது.

மதியம் எல்லோரும் ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தார்கள். பரிமாறியது நான். தயிர்ச்சோறு கொஞ்சமும் புளிக்கவில்லை. புளித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்து நாள் கொட்டகைப் பக்கம் போகவில்லை. பிறகு பசியோ வெட்கமோ ஏதோ ஒன்று தோற்றுப்போய்ப் போனேன். கொளஞ்சியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. நான்கு இட்லி வைத்தார். எதிரே கீற்றில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று செருகியிருந்தது. பெரிய பெரிய எழுத்து. மேலே 'ஒகேனக்கல், மாசி ஞாயிறு' என்று இருந்தது. கீழே, எந்த ஊரில் எந்த பஸ் மாற வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார். அதற்கும் கீழே பெயர்கள்: கொளஞ்சியம்மாள், உண்ணாமலை, ரெங்கம்மாள், அமிர்தவல்லி, வேம்பு, கண்ணகி.

"யாருக்கா இவங்கல்லாம்?"

"எங்கூடப் படிக்கறவங்க. டவுன் பஸ்ஸு, ரூட்டு பஸ்ஸுன்னு ஏறி எறங்கிப் போயிடுவோம். கட்டுச்சோறுதான், அடுப்பு கெடயாது."

ஏழாவதாக ஒரு வரி இருந்தது. அதைப் படித்தேன்.

'எளுத்து – 1.'

"அது யாருக்கா?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"நீங்கதான். நாங்க எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள சேலத்துல பஸ்ஸு போயிடும். போர்டு படிக்க ஒரு ஆளு வேணும். அங்க போனா சாமானும் பாத்துக்கணும், கொரங்கு இருக்கு."

"பேரு எழுதியிருக்கலாமே அக்கா."

"எழுதுனா என்னா தம்பி, எழுதாட்டி என்னா? ஆளு ஒண்ணுதானே" என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

சட்டைப்பையில் பேனா இருந்தது. 'ளு'வை 'ழு' ஆக்க எனக்கு ஒரு நொடி போதும். கை அதுவரை போயிற்று, எடுக்கவில்லை.

"எத்தன மணிக்கு வரணும்?" என்றேன்.

"நாலரைக்கு. இங்கயே வந்து நில்லுங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு இட்லி வைத்தார்.

பரிசலுக்கு ஆறு பேர். அவர் பட்டியலிலும் பெயர்கள் ஆறுதான் இருந்தன.